'மேலிடத்து உத்தரவு' என்றால் போதுமா? வாசகர் கேள்விகளுக்குச் சட்டப் பதில்கள்

கேள்வி: பல வருடமாகக் குடியிருக்கிறோம். இடம் புறம்போக்கு, இரண்டு நாளில் ஜேசிபி வரும் என்று வி.ஏ.ஓ. வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார். இடிக்கலாமா?

பதில்: வாய்ப்பேச்சை வைத்து இடிக்க முடியாது. தமிழ்நாட்டில் 1905ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி முதலில் 7ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து உங்கள் பதிலைக் கேட்க வேண்டும். அப்புறம்தான் 6ஆம் பிரிவில் வெளியேற்றும் உத்தரவு. அதற்கு மேல்முறையீடும் உண்டு. இடிக்கும் முன் 15 நாள் நோட்டீஸ் கட்டாயம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் சாலை, நடைபாதை, நீர்நிலையில் உள்ள கட்டடங்களுக்கு அந்தத் தீர்ப்பின் பாதுகாப்பு கிடையாது. எனவே உங்கள் சர்வே எண் 'அ' பதிவேட்டில் (கிராம நிலங்களின் வகையைக் காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று இன்றே பாருங்கள். ஏரி என்று இருந்தால் சட்டப்படியான நோட்டீஸை மட்டும் கேட்டுப் பெறலாம், இடத்தைக் காப்பாற்றுவது கடினம்.

கேள்வி: எல்லாச் சான்றும் கொடுத்தும் உரிமம் வரவில்லை. "என் கையில் எதுவும் இல்லை, மேலிடத்து உத்தரவு" என்கிறார் அதிகாரி.

பதில்: இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும். 1951இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம் இது. பம்பாய் அந்தேரியில் சினிமா கொட்டகை கட்ட கோர்தன்தாஸ் பாஞ்சிக்கு போலீஸ் கமிஷனர் அனுமதி கொடுத்தார். பிறகு அதே அலுவலகத்திலிருந்து, அரசு பணித்தபடி தெரிவிப்பதாகச் சொல்லி, அனுமதி ரத்து என்று கடிதம் வந்தது. கடிதத்தின் அந்த வாசகமே அரசுத் தரப்பைக் கவிழ்த்தது. விதிப்படி ரத்து செய்யும் அதிகாரம் கமிஷனருடையது, அரசுடையது அல்ல. அவர் தாமாக யோசித்து முடிவெடுக்கவில்லை என்பதால் அந்த ரத்து செல்லாது என்றானது. சட்டம் யாரிடம் அதிகாரத்தைக் கொடுத்ததோ அவரே முடிவெடுக்க வேண்டும். அமைச்சரே சொன்னாலும் சரி. தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் கோப்பின் குறிப்புகளை நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். யார் எடுத்த முடிவு என்பது அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: மனுவை 'நிராகரிக்கப்படுகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வழக்குப் போட்டால் அங்கே காரணம் சொல்லிக்கொள்வார்களாமே?

பதில்: அது எடுபடாது. உத்தரவில் இல்லாத காரணத்தைப் பிறகு பிரமாணப் பத்திரத்தில் சேர்த்து உத்தரவைக் காப்பாற்ற முடியாது என்பது மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. அரசியலமைப்பின் 226ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். ஆனால் பெரும்பாலும் நீதிமன்றமே உங்கள் கோரிக்கையை அனுமதித்துவிடாது. காரணத்தோடு மறுபடி முடிவெடுக்கச் சொல்லி அதே அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பும். அதற்குத் தயாராக இருங்கள்.

கேள்வி: கட்டட வரைபட அனுமதிக்கு மேம்பாட்டுக் கட்டணம் கேட்கிறார்கள். கட்ட வேண்டுமா?

பதில்: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதிக் கேளுங்கள். சட்டத்தில் இடமில்லாமல் அகமதாபாத் நகர்ப்புற மேம்பாட்டு ஆணையம் வசூலித்த இப்படியொரு கட்டணம் செல்லாது என்று 1992இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் மேம்பாட்டுக் கட்டணத்துக்கு இடம் கொடுக்கிறது, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். வெறும் சுற்றறிக்கையைக் காட்டி அதற்கு மேல் கேட்டால் மறுக்கலாம். வேலை அவசரம் என்றால், 'ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்' என்று கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டுங்கள். பின்னால் திருப்பிக் கேட்க அந்த நகல் வேண்டும்.