மகளுக்கு அப்பா கையெழுத்து நன்றாக வரும்

கேள்வி: என் கணவர் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறார். கடலுக்குப் போனால் திரும்பப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். மகனுக்கு 14 வயது, ஒன்பதாவது படிக்கிறான். லண்டனில் இருக்கும் என் அக்கா அவனை அங்கே படிக்க அனுப்பச் சொல்கிறாள். அவள் வீட்டிலேயே தங்கலாம், பக்கத்திலேயே இலவச அரசுப் பள்ளி இருக்கிறது என்கிறாள். விசாவுக்குப் பெற்றோர் இருவரும் சம்மதக் கடிதம் தர வேண்டுமாம். இவர் நல்லவர்தான். ஆனால் பையனைப் பிரிய மாட்டார் என்பதால் இன்னும் சொல்லவில்லை. கையெழுத்துக்குக் கவலையில்லை, காலேஜ் படிக்கும் என் மகளுக்கு அப்பா கையெழுத்து நன்றாக வரும். வேறு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

– ஒரு தாய், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்தக் கையெழுத்து வரியைத் தாண்ட முடியவில்லை.

மகளுக்கு அப்பா கையெழுத்து எப்படி வந்தது? ஒரே நாளில் வந்திருக்காது. ரேங்க் கார்டில் போட்டிருப்பாள். லீவ் லெட்டரில் போட்டிருப்பாள். அப்பா கடலில் இருக்கிறார், நாளைக்கே கொடுக்கணும், நீயே போட்டுடும்மா என்று நீங்கள்தான் சொல்லியிருப்பீர்கள். பையனுக்குப் பாஸ்போர்ட் எடுத்தாயிற்றா? அதற்கும் அப்பா, அம்மா இருவரும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டுமே, அதில் போட்டது யார்? எனக்குப் பதில் எழுத வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அந்தச் சம்மதக் கடிதம் வெறும் பேப்பர் இல்லை. என் பிள்ளை விசாவுக்கு விண்ணப்பிக்க எனக்குச் சம்மதம், அங்கே போய் இறங்கியதும் இன்னார் வந்து அழைத்துப்போவார், இன்னார் வீட்டில் இருப்பான், இன்னார் பார்த்துக்கொள்வார், இதெல்லாம் எனக்குச் சம்மதம் என்று ஒரு அப்பா சொல்கிற கடிதம் அது. உங்கள் வீட்டில் அதைச் சொல்லப்போவது பையனின் அக்கா. அப்பா வலையை இழுத்துக்கொண்டிருக்கும்போது, அவர் பெயரில், அவர் பிள்ளையை வழியனுப்பப் போகிறாள்.

குடித்துவிட்டு அடிக்கிறவர், பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காதவர் என்று எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். சட்டப்படி பிள்ளையின் முழுப் பொறுப்பும் ஒருவரிடம் மட்டுமே இருந்தால், அந்த ஒருவரின் கடிதமே போதும் என்று விதியும் இருக்கிறது. உங்கள் கதை அது இல்லை. நல்லவர் என்று நீங்களே சொல்கிறீர்கள். பிள்ளையைப் பிரிய மனம் வராதது ஒரு தகப்பனிடம் குறையா? அவரிடம்தானே முதலில் கேட்டிருக்க வேண்டும்! அவர் மறுப்பார் என்று தெரிந்தே மறைக்கிறீர்கள். அப்படி மறைப்பது கட்டிக்கொண்டவருக்குச் செய்கிற துரோகம் என்றுதான் நான் சொல்வேன்.

மகள் என்ன படிக்கிறாள், அவளுக்கு என்ன ஆசை என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்து வரும், அவ்வளவுதான். பொய்க் கையெழுத்து குற்றம். போட்டது அவள் கை. விஷயம் தெரிந்த அன்று அப்பா உங்களை நாலு வார்த்தை திட்டுவார், அப்புறம் சமாதானமாகிவிடுவார். பெற்ற மகளே என்னை ஏமாற்றினாள் என்பது அவர் மனதை விட்டுப் போகாது. அவளும் அவர் எதிரில் நிமிர்ந்து நிற்க மாட்டாள். தம்பியின் படிப்புக்காக அவள் ஏன் இதைச் சுமக்க வேண்டும்?

சரி, கேட்டதற்கும் வருகிறேன். உங்கள் அக்கா பள்ளியைப் பற்றிச் சொன்னது தவறு. பிரிட்டனில் 4 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தருகிற மாணவர் விசாவில் இலவச அரசுப் பள்ளியில் சேர முடியாது. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளியில், அதுவும் வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்க உரிமம் பெற்ற பள்ளியில்தான் சேரலாம். 2025 ஜனவரி முதல் அந்தக் கட்டணத்துக்கு 20 சதவீத வரியும் சேர்ந்திருக்கிறது. பள்ளி இடம் கொடுத்து உறுதி எண் தந்த பிறகுதான் விண்ணப்பமே. காட்ட வேண்டிய பணம் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். காசநோய் இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். பெரியம்மா நெருங்கிய உறவு என்பதால் அவர் வீட்டில் தங்கலாம், ஆனால் அவரும் பொறுப்பேற்றுக் கடிதம் தர வேண்டும். பையனுக்குத் துணையாக நீங்கள் போய் இருக்க முடியாது. 12 வயது நிரம்பாத பிள்ளைகளின் பெற்றோருக்குத்தான் அந்த விசா உண்டு. பொய் ஆவணம் என்று கண்டுபிடித்தால் விசாவை மறுப்பார்கள். அப்புறம் அவன் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும், இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி வந்து நிற்கும்.

இவ்வளவு கட்டணத்தை அக்கா தருவாளா, நீங்கள் கடன் வாங்குவீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கடன் என்றால் அதை அடைக்கவும் அவர்தான் கடலுக்குப் போக வேண்டும்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும், அவர் வீட்டில் இருப்பார். அக்கா சொன்னது, ஆகிற செலவு, பையன் மனதில் இருப்பது எல்லாவற்றையும் அவர் முன் வையுங்கள். பையனும் பக்கத்தில் இருக்கட்டும். அவனிடம் யாராவது கேட்டீர்களா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அவர் சரி என்றால் அவர் கையால் கையெழுத்துப் போடுவார். வேண்டாம் என்றால் பையன் இங்கேயே பத்தாவது எழுதட்டும். 17 வயது வரை இதே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், எதுவும் ஓடிப்போகவில்லை.

ஆனால் தடைக்காலம் வரை காத்திருக்கக் கூடாத வேலை ஒன்று இருக்கிறது. இன்று ராத்திரி மகளைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பா கையெழுத்தை இனி எதிலும் நீ போட வேண்டாம், போடச் சொன்னது அம்மாவின் தப்பு என்று சொல்லிவிடுங்கள்.