பாலத்துக்கு மேல்பக்கமா, கீழ்பக்கமா?

வாசகர் கேள்விகள்: இந்த மாதம் ஆறும் சாலையும்

கேள்வி: அக்கா, ஆடி மாதம் எங்கள் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவோம். கரகம் ஜோடிக்க ஆற்றங்கரைக்குத்தான் போவோம். என் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். போன வருடம் தண்ணீரில் இறங்கி விளையாடிய பிள்ளைகள் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு. கவுன்சிலரிடம் கேட்டோம். "முனிசிபாலிட்டி மாதாமாதம் சோதிக்கிறது, தண்ணீர் அளவுக்குள்தான் இருக்கிறது" என்றார். நம்பலாமா?
(ஒரு வாசகி, நேட்டால் வடகரை, தென்னாப்பிரிக்கா. ஊர்ப் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: கவுன்சிலர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கையில் வந்த தாளில் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அது எந்த இடத்துத் தண்ணீர், எந்த அளவுக்குள் இருக்கிறது என்று அவரும் கேட்டிருக்க மாட்டார்.

நான் 26 வருடம் ஒரு நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தவள். ஆற்றுத் தண்ணீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதும் என் வேலை. எனக்கு முன்னால் இருந்தவர் காட்டிக்கொடுத்த இடத்திலேயே, பழைய பாலத்துக்கு மேல்பக்கம், திங்கட்கிழமை காலையில் எடுப்பேன். அங்கே வண்டி நிறுத்த இடம் உண்டு, இறங்கப் படியும் உண்டு. அறிக்கை எப்போதும் நல்லதாகவே வரும். ஒரு நாள் கரையில் பித்தளைக் குடம் துலக்கிக்கொண்டிருந்த ஓர் ஆயா என்னைப் பார்த்து, "நாத்தம் வர்றது பாலத்துக்குக் கீழே. நீ மொண்டுக்கிட்டுப் போறது மேலேயா?" என்று கேட்டார். கழிவுநீர் பம்பு நிலையத்தின் வழிந்தோடும் குழாய் பாலத்தைத் தாண்டித்தான் ஆற்றில் விழுகிறது. மறுநாள் அந்த ஆயா காட்டிய இடத்தில் ஒரு போத்தல் எடுத்தேன். வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, தப்பாக டைப் அடித்திருப்பார்களோ என்று ஆய்வகத்துக்கு இரண்டு தடவை போன் போட்டேன். என் மேலதிகாரி கேட்ட முதல் கேள்வி, "அந்த இடத்தில் எடுக்க உங்களுக்கு யார் சொன்னது?" அதற்கு முன்னால் எத்தனை மாதம் "தண்ணீர் நன்றாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பது இன்றும் என் மனதை அறுக்கிறது.

அதனால் முதலில் இடத்தைக் கேளுங்கள். பம்பு நிலையத்துக்கோ சுத்திகரிப்பு நிலையத்துக்கோ மேல்பக்கம் ஒரு போத்தல், கீழ்பக்கம் ஒரு போத்தல் எடுத்தால்தான் அழுக்கு எங்கே சேர்கிறது என்று தெரியும். தேதியையும் கேளுங்கள். மழைக்குப் பிறகு கிருமி எண்ணிக்கை ஏறும், வெயில் நாட்களில் இறங்கும். ஒரு மாதத்து எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது; ஒரு வருடத்துத் தாள்களைச் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் இந்த "அளவு". மனிதக் கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க ஈ.கோலை என்ற கிருமியை எண்ணுவார்கள், 100 மில்லி தண்ணீரில் எத்தனை என்று. குடிநீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. முழுக்குப் போட, நீந்த என்றால் 130 வரை இருக்கலாம் என்பது 1996-இல் வந்த தேசிய வழிகாட்டி. ஆனால் சுத்திகரிப்பு நிலையம் ஆற்றில் விடுகிற தண்ணீருக்குப் பொது வரம்பு வேறு: அதே 100 மில்லியில் மலக் கிருமிகள் (ஈ.கோலையும் இவற்றில் ஒன்று) 1,000 வரை இருக்கலாம். பாருங்கள், நிலையத்துக்காரர் "அளவுக்குள்" என்று சொன்னால் அது அவருடைய குழாய்க்கான அளவு. உங்கள் பிள்ளை முழுகுவதற்கான அளவு அது இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதால்தான் இத்தனை குழப்பமும். எண்ணையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

யாரைக் கேட்பது? ஆற்றுக்குக் காவலாக 1998-இன் தேசிய நீர்ச் சட்டம் மத்திய அரசை வைத்திருக்கிறது. பார்த்துக்கொள்வது நீர், துப்புரவுத் துறை. ஆனால் சாக்கடைக் குழாய், பம்பு நிலையம், மழைநீர் வடிகால் எல்லாம் அரசியல் சட்டப்படி நகராட்சியின் பொறுப்பு. அதிகாரிகளைக் கேள்வி கேட்கத்தான் கவுன்சில் இருக்கிறது. 2000-இன் நகராட்சி அமைப்புகள் சட்டப்படி மக்கள் மனு கொடுக்கலாம், அதை எடுத்துப் பரிசீலிக்க நகராட்சி வழி வைத்திருக்க வேண்டும். கவுன்சில் கூட்டமும் பொதுமக்களுக்குத் திறந்ததுதான். தனிக் காரணம் இருந்தால்தான் கதவைச் சாத்தலாம். வாயால் கேட்டது காற்றோடு போய்விடும். கோயில் கமிட்டி பெயரில் எழுதி, கவுன்சிலருக்கு ஒரு பிரதி, கவுன்சில் கூட்டத்தை நடத்தும் சபாநாயகரின் அலுவலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்து முத்திரை வாங்குங்கள். இப்படி எழுதினால் போதும்: "எங்கள் பாலத்துக்கு மேலும் கீழும் கடந்த 12 மாதம் எடுத்த மாதிரிகளின் இடம், தேதி, ஈ.கோலை எண் ஆகியவற்றைத் தாருங்கள். பம்பு நிலையம் எந்தெந்த நாள் நின்றது, கழிவு ஆற்றில் போனதா என்பதையும் தாருங்கள்." பதில் இல்லையென்றால் 2000-இன் தகவல் பெறும் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள். 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

பம்பு நிலையக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கரண்டு போனாலும், கேபிள் திருடு போனாலும், 2022 ஏப்ரல் போல வெள்ளம் வந்தாலும் பம்பு நின்றுவிடும். சாக்கடைக்கு ஆற்றைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது.

சரி, இந்த ஆடிக்கு என்ன செய்வது? ஆற்றங்கரைக்குப் போங்கள், அந்த வழக்கத்தை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. டர்பனில் அம்பிலோ ஆற்றங்கரையில் நம் முன்னோர் கட்டிய கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோயிற்று. அம்பலவாணர் ஆலயம் என்று இன்று கேட்டோ மேனரில் அது நிற்கிறது. ஆற்றோடு நமக்கு இருக்கும் உறவு அத்தனை பழையது. ஆனால் குடத்துக்குள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள். முகம் கழுவ, பிள்ளைகள் காலைக் கழுவ ஒரு டிரம் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். ஆத்தா கோபிக்க மாட்டாள்.

கேள்வி: எங்கள் பேரப்பிள்ளைகள் ஒரு தாழ்ந்த பாலத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். நடைபாதை இல்லை. டாக்ஸிகள் பறந்து வருகின்றன. மழை பெய்தால் பாலத்தின் மேலேயே தண்ணீர் ஓடுகிறது. வேகத்தடை கேட்டால் "அது எங்கள் சாலை இல்லை" என்கிறார்கள்.
(ஓய்வு பெற்ற ஆசிரியர், தெற்கு டர்பன் பக்கம்)

பதில்: ஐயா, "எங்கள் சாலை இல்லை" என்றால் "பிறகு யாருடையது?" என்று எழுத்தில் கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலை, சான்ரல் என்ற தேசியச் சாலை நிறுவனத்தின் கையில். மாகாணச் சாலை போக்குவரத்துத் துறை கையில். குவாசூலு-நேட்டாலில் அவற்றுக்கு பி, டி என்று தொடங்கும் எண் இருக்கும். மற்ற ஊர்ச் சாலைகள் நகராட்சியுடையவை. சாலை மாகாணத்துடையதாகவே இருந்தாலும் உங்கள் கவுன்சிலர் அந்தத் துறைக்குக் கடிதம் எழுதலாம், எழுத வேண்டும். குழந்தைகள் அவருடைய வார்டுப் பிள்ளைகள்தானே.

வேகத்தடையை மட்டும் கேட்காதீர்கள். பஸ்ஸும் ஆம்புலன்ஸும் போகிற சாலை என்று சொல்லி மறுத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். நடைபாதை, தடுப்புக் கம்பி, கடக்கும் கோடு, பள்ளி நேரத்தில் வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைக் கடக்க வைக்கும் ஸ்காலர் பட்ரோல், இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஊருக்குள் பொது வரம்பு 60 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போகும் முன்பே. நாற்பதில் வந்தால் அது 11 மீட்டர். அதனால் பள்ளிக்கூடம் இருக்கும் துண்டுக்குக் குறைந்த வரம்பைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் ஆசிரியர், ஐயா. காலை 7 முதல் 8 வரை ஐந்து நாள் பாலத்தருகே உட்கார்ந்து எத்தனை வண்டி, எத்தனை பிள்ளை என்று நோட்டில் குறித்துவையுங்கள். மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் நேரத்தோடு எழுதுங்கள். யாராவது செத்த பிறகுதான் கணக்கெடுப்பு என்று காத்திருக்க வேண்டியதில்லை.

மழை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தண்ணீர் பாலத்தின் மேல் ஓடினால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். முப்பது சென்டிமீட்டர் ஓடும் தண்ணீர் ஒரு சின்னக் காரைத் தூக்கிவிடும். 2022 வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆழம் காட்டும் கம்பம் பாலத்தின் இரண்டு பக்கமும் வேண்டும், வடிகாலை மழைக்காலத்துக்கு முன் தூர்வார வேண்டும். இரண்டும் பெரிய செலவில்லை. நிதிநிலைத் திட்டம் பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டம் வரும்போது இதைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

உங்கள் தெருவிலும் ஒன்று பாருங்கள். கூரை மழைநீரைச் சிலர் சாக்கடைக் குழியில் திருப்பிவிட்டிருப்பார்கள். இந்த நாட்டில் மழைநீருக்கு ஒரு குழாய், சாக்கடைக்கு இன்னொரு குழாய். பத்து வீட்டுக் கூரைத் தண்ணீர் சாக்கடையில் இறங்கினால் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொண்டு ரோட்டில் வழியும். அது ஓடிப் போய்ச் சேர்வது மேலே கடிதம் எழுதிய அம்மாவுடையதைப் போன்ற ஓர் ஆற்றில்தான்.

கேள்வி: ஆன்ட்டி, எங்கள் வகுப்பு ஆற்றை நாங்களே சோதிக்க முடியுமா? ஆய்வகத்துக்குக் காசு இல்லை.
(11-ஆம் வகுப்பு மாணவன், ஃபீனிக்ஸ்)

பதில்: முடியும் கண்ணா. இந்த நாட்டிலேயே உருவான மினிசாஸ் என்ற முறை இருக்கிறது. ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு போதும். கல்லைப் புரட்டி, அடியில் வாழும் பூச்சிகளைப் பிடித்து, எந்த வகை என்று பார்க்க வேண்டும். 13 வகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். புழுவுக்கும் அட்டைக்கும் 2, நத்தைக்கு 4, தும்பிக் குஞ்சுக்கும் நண்டுக்கும் 6. ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சிக்கு 17, ஏனென்றால் அழுக்குத் தண்ணீரில் அது பிழைக்காது. கிடைத்த வகைகளின் மதிப்பெண்ணைக் கூட்டி, வகைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆற்றின் நிலை தெரியும். கிருமி எண்ணிக்கையை இது சொல்லாது. அதனால் "பூச்சி நிறைய இருக்கு" என்று நினைத்துத் தண்ணீரை வாயில் வைக்காதே. ரப்பர் பூட்ஸ், கையுறை போட்டுக்கொள், கையில் காயம் இருந்தால் இறங்காதே, ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும். நாற்றம் அடிக்கும் இடத்தில் வேண்டாம், அந்த இடத்தைக் குறித்து மட்டும் வை.

மேல்பக்கம் ஒன்று, கீழ்பக்கம் ஒன்று என்று இரண்டு இடத்தில் செய்யுங்கள். எண்ணி முடித்ததும் பூச்சிகளை எடுத்த கல்லடியிலேயே விட்டுவிடுங்கள். எண்களை எனக்கு அனுப்பு, அடுத்த இதழில் போடுகிறேன்.