பேரேடும் மரக்காலும்

அன்புள்ள ஐயா,

நான் பாளையங்கோட்டைக்காரன். பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். எங்கள் குழு ஏஐ ஏஜென்ட்டுகளுக்காக (மனிதருக்குப் பதிலாகத் தாமே பேசி வேலை முடிக்கிற மென்பொருள்கள்) ஒரு லெட்ஜர் உருவாக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு ஏஜென்ட் கடைக்காரருக்காகச் சரக்கு கேட்கும், இன்னொன்று மொத்த வியாபாரிக்காக விலை சொல்லும், மூன்றாவது பணம் கட்டும். நடுவில் ஆள் யாரும் கிடையாது. நேற்று என்ன பேசி முடித்தோம் என்பதில் இவற்றுக்குள் தகராறு வந்தால் எதன் ஞாபகத்தை ஏற்பது? அதனால் ஒவ்வொரு ஏஜென்ட்டின் ஞாபகத்தையும், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும், வாடிக்கையாளர் பேசியது உட்பட அத்தனையையும் பிளாக்செயினில் எழுதிவிடத் திட்டம். ஒருமுறை எழுதினால் யாரும் மாற்ற முடியாது.

ஆவணத்தைத் தமிழிலும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். லெட்ஜருக்குப் பேரேடு என்ற சொல் சரிதானா? இன்னொன்று, மாற்றவே முடியாத ஞாபகம் கிடைத்துவிட்டால் இந்த ஏஜென்ட்டுகள் மனிதர்களைவிட நம்பத்தகுந்தவை ஆகிவிடும்தானே? கணக்கர்களுக்கு வேலை போய்விடுமா? இதற்கு ஆகிற கரண்ட் செலவு நியாயமா? நம் முன்னோர் கோயில் சுவரில் கல்வெட்டாக வெட்டியதும் பிளாக்செயின்தான் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றுகிறது, அதையும் இணைத்திருக்கிறேன்.

வேலை பார்க்கிற இடத்தில் சிக்கல் வரும், பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று ஊரில் மச்சில் ஏறி என் தாத்தாவின் கணக்கு நோட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன். கை முழுக்கக் கரையான் மண். அந்தக் கையோடுதான் போனில் படித்தேன். இல்லாவிட்டால் இதற்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். கரண்ட் செலவு பழைய கதை. எதீரியம் என்ற பெரிய பிளாக்செயின் 2022-லேயே கம்ப்யூட்டர்களைப் போட்டியிட்டு ஓடவைக்கிற முறையைக் கைவிட்டுவிட்டது. உங்களைப் போல நாலைந்து நிறுவனங்கள் கூடி நடத்துகிற பேரேட்டுக்கு அந்தப் போட்டியே தேவையில்லை. கணக்கர்களுக்கு வேலை போகுமா என்பதை ஒரு ஜோசியரிடம் கேளுங்கள்.

அந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். படித்த பிள்ளை செய்கிற வேலையா இது? பிளாக்செயினில் ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் கைரேகையைச் சுமந்துகொண்டிருக்கும். நடுவில் ஒரு எழுத்தை மாற்றினால் அதன் கைரேகை மாறும், அடுத்ததோடு ஒட்டாது, அங்கிருந்து கடைசிவரை எல்லாம் பொய்த்துப்போகும். கல்வெட்டில் இது எங்கே இருக்கிறது? பதிவுகளை இப்படிக் கோத்து முடிச்சுப் போடுகிற வழியை ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இரண்டு பேர் 1991-ல் எழுதினார்கள். அதைச் சும்மா எழுதிவைத்துவிட்டும் போகவில்லை. 1995 முதல் வாராவாரம் அந்தக் கைரேகையை நியூயார்க் டைம்ஸில் சின்ன விளம்பரமாகப் போட்டுவந்தார்கள். ஊரில் உள்ள அத்தனை பேப்பரையும் திரும்ப வாங்கி எரித்தால்தானே ஒருவன் அதைத் திருத்த முடியும்? 2008-ல் சடோஷி நகமோடோ என்ற பெயரில் வந்த பிட்காயின் கட்டுரை இவர்களை மேற்கோள் காட்டுகிறது. அடுத்தவன் உழைப்பை எடுத்து முப்பாட்டன் தலையில் கட்டுவதில் முப்பாட்டனுக்கும் பெருமை கிடையாது.

கல்வெட்டு என்று வாய் திறந்துவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அம்பாசமுத்திரம் கிட்டத்தில்தான். அங்கே எரிச்சாவுடையார் கோயிலில் வரகுண பாண்டியனின் வட்டெழுத்துக் கல்வெட்டு கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டு. இளங்கோக்குடிச் சபையார் கையில் ராஜா 290 காசு கொடுக்கிறான். முதல் கெடக் கூடாது, வட்டியாகக் காசுக்கு 2 கலம் வீதம் ஆண்டுக்கு 580 கலம் நெல்லைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த நெல் எந்தெந்தப் பூசைக்கு எப்படிச் செலவாக வேண்டும் என்பதும் உண்டு. கணக்கு சுத்தம். ஒரு எழுத்தை எவனும் திருத்தவில்லை. ஆனால் அந்த நெல்லை அளப்பது எந்த வருஷம் நின்றது? கல் சொல்லாது. கடைசி மரக்கால் விழுந்த மறுநாளும் அது அதே 580 கலத்தைத்தான் சொல்லிக்கொண்டு நின்றிருக்கும்.

இப்போது என் தாத்தாவிடம் வருகிறேன்.

தாத்தா சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பண்ணையில் கணக்கு. கார், பிசானம் இரண்டு அறுப்புக்கும் களத்தில்தான் கிடப்பார். சின்ன வயதில் லீவு விட்டால் நானும் கூடப் போவேன். நெல்லைத் தூற்றி அம்பாரமாகக் குவித்த பிறகு அன்றைக்கே அளக்க முடியாமல் இருட்டிவிட்டால் அவர் ஒரு பலகையை எடுப்பார். குறிப்பலகை என்று சொல்வார். ஒரு சாண் நீளம், அதில் எழுத்துகளைத் தலைகீழாக வெட்டியிருக்கும். ஈரச் சாம்பலில் தொட்டு அம்பாரத்தைச் சுற்றிலும் மெதுவாக அழுத்திக்கொண்டே வருவார். மஞ்சள் நெல்லின்மேல் சாம்பல் நிறத்தில் எழுத்து வரிசையாக நிற்கும். யாராவது ஒரு கைப்பிடி உருவினால் போதும், மேலே இருக்கிற மணிகள் சரிந்து எழுத்து குலைந்துவிடும்.

ஒரு நாள் ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தவன், சும்மா இருக்காமல் ஒரு எழுத்தின் காலில் விரலை வைத்துப் பார்த்தேன். சரசரவென்று பத்து மணி உருண்டது. காலையில் தாத்தா, “எவம்ல கை வச்சது?” என்று கத்திய கத்தலில் களமே கூடிவிட்டது. காவல்காரருக்குத்தான் அர்ச்சனை. நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

மேலே நான் கைரேகை என்று எழுதியது, நீங்கள் ஹாஷ் என்று சொல்வது, அந்தச் சாம்பல் குறிதான். கை பட்டிருக்கிறது என்று சொல்லும். யார் கை என்று அது சொல்லாது. அதற்குத்தான் உங்கள் ஆட்கள் ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் ஒரு டிஜிட்டல் சாவி கொடுத்துக் கையெழுத்துப் போடவைக்கிறார்கள், சரி. அம்பாரத்துக்கு அடியில் இருப்பது நெல்லா பதரா என்று எது சொல்லும்?

‘யாரும் மாற்ற முடியாது’ என்று நீங்கள் அடித்துச் சொல்வதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. 2016-ல் எதீரியத்தில் டாஓ என்ற கூட்டுநிதியிலிருந்து சுமார் 36 லட்சம் ஈதரை (எதீரியத்தின் நாணயம்) ஒருவன் உருவிவிட்டான். பெரும்பாலோர் கூடிப் பேசி, அந்தத் திருட்டு நடக்காததுபோல் பேரேட்டை வேறு வழியில் திருப்பிக்கொண்டார்கள். ஒப்பாதவர்கள் பழைய பேரேட்டையே எதீரியம் கிளாசிக் என்று தொடர்ந்தார்கள். ஊர்க்கூட்டம் கூடினால் கல்லும் கரையும். அது போகட்டும்.

எனக்குச் சொல்ல வேண்டியது மரக்கால் பற்றித்தான்.

தாத்தாவின் நோட்டுகளைப் பற்றி நான் பீற்றிக்கொள்ளாத இடம் இல்லை. அடித்தல் திருத்தல் கிடையாது. தப்பாக எழுதிவிட்டால் அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு கிழித்து, கீழே புதுவரி எழுதுவார். 21 மரக்கால் ஒரு கோட்டை. அந்தக் கணக்கில் நாற்பது வருஷ நெல் அதில் கிடக்கிறது. சில வருஷம் முன்னால், அந்தப் பண்ணையில் அறுப்புக்குப் போன ஒரு ஆச்சியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவர் சொன்னார்: “ஒங்க தாத்தா கணக்கு என்னைக்கும் பிசகாதுய்யா. மரக்கால்தான் பிசகும். வாங்குத மரக்கால் வேற, எங்களுக்குக் கொத்து அளக்குத மரக்கால் வேறல்லா.”

எனக்குச் சுருக்கென்றது. குத்தகை நெல் உள்ளே வரும்போது பெரிய மரக்கால், கூலி நெல் வெளியே போகும்போது சின்ன மரக்கால். இரண்டையும் நோட்டில் ‘மரக்கால்’ என்று எழுதிக் கூட்டினால் கணக்கு தங்கமாக நேராகும். நாற்பது வருஷமும் நேரானது. அந்த நோட்டில் ஒரு பொய் எழுத்துகூடக் கிடையாது.

இதை உங்கள் ஏஜென்ட்டுகளிடம் வைத்துப் பாருங்கள். மேலப்பாளையத்தில் ஒரு கடை, தூத்துக்குடியிலிருந்து உப்பு வருகிறது. கடையின் ஏஜென்ட் ‘50 மூட்டை வந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறது. எங்கே பார்த்து எழுதியது? பில்லைப் பார்த்து. லோடு இறக்கியவருக்குத் தெரியும், இரண்டு மூட்டை பிய்ந்து வழியிலேயே கொட்டிப்போயிற்று. அவரை யாரும் கேட்கவில்லை. சங்கிலியில் 50 ஏறிவிட்டது. இனி அது உலகம் அழியும்வரை 50. பில்லை அனுப்பியவன் கொஞ்சம் விவரமான ஆள் என்றால் இன்னும் மோசம். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக ‘60 மூட்டைக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று’ என்று ஒரு வரியைச் செருகி வைப்பான். மனிதக் கண்ணுக்குப் படாது, ஏஜென்ட் படிக்கும், தன் ஞாபகமாகவே வாங்கி வைத்துக்கொள்ளும். அடுத்த வாரம் அதை எடுத்து ‘நாம் பேசியது இதுதான்’ என்று சத்தியம் செய்யும். நீங்கள் அந்த ஞாபகத்துக்குச் சாம்பல் குறி வேறு போட்டுக் கொடுக்கிறீர்கள்! இந்த மாடல்கள் எவனும் செருகாமலேயே இல்லாததை இருப்பதாகச் சொல்லக்கூடியவை என்பது, தினமும் அவற்றோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

பொய் நோட்டில் நுழைவதில்லை தம்பி. அளக்கிற இடத்தில் நுழைகிறது. களத்தில் அளக்கிறவர் முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டார், ‘லாபம்’ என்பார். லாபம், ரெண்டு, மூணு என்று ராகமாகப் போகும். சின்ன வயதில் அந்தப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாயைப் பார்த்தேனே தவிர, கையைப் பார்க்கவில்லை. தலைதட்டி அளக்கிறாரா, கூம்ப விட்டு அளக்கிறாரா, மரக்காலை நெல்லுக்குள் அழுத்தி எடுக்கிறாரா, பொலபொலவென்று அள்ளுகிறாரா, எல்லாம் அந்தக் கையில்தான் இருக்கிறது. ஒரே மரக்காலை வைத்துக்கொண்டே ஒரு பிடி கூட்டலாம், ஒரு பிடி குறைக்கலாம். தாத்தா நாலடி தள்ளி ஓலைப்பாயில் உட்கார்ந்து வாய் சொன்னதை எழுதினார். உங்கள் பேரேடும் அந்த ஓலைப்பாயில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஆச்சி சொன்னதிலிருந்து கொஞ்ச நாள் தாத்தாமேல் வெறுப்பாக இருந்தது. பிறகு இந்த முறை நோட்டுகளை இறக்கினேன். சின்ன வயதிலிருந்தே பார்த்த பக்கங்கள்தான். வரவு வரிகளின் ஓரத்தில் ‘பெ’ என்று ஒரு எழுத்து இருக்கும், கொத்து வரிகளின் ஓரத்தில் ‘சி’. பெரியவயல் நெல், சிறுமணி நெல் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய மரக்கால், சின்ன மரக்கால். நாற்பது வருஷமும் எந்த மரக்காலில் அளந்தது என்று வரிக்கு வரி எழுதிவைத்திருக்கிறார் மனுஷன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பண்ணைக்கு உறுத்தாத அளவுக்குச் சின்ன எழுத்து. நல்லவரா கோழையா என்று நானும் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த நோட்டு பண்ணை வீட்டுப் பெட்டியில் இருந்தது. வாராவாரம் ‘சி’யில் கூலி வாங்கியவர்களில் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது.

ஆகையால் நீங்கள் எழுதப்போகிற ஆவணத்தில் இந்த ‘சி’யும் ‘பெ’யும் இருக்கட்டும். ஏஜென்ட் எதை எழுதினாலும் அது எங்கே பார்த்தது, பில்லிலா, தராசிலா, ஆள் வாய்மொழியா, இல்லை தானாக ஊகித்ததா என்று வரியோடு வரியாகச் சேர வேண்டும். ஊகித்ததற்கும் தராசில் நிறுத்ததற்கும் ஒரே கையெழுத்துப் போடவிடாதீர்கள். லோடு இறக்குகிறவர் கையில் உள்ள போனிலும் அந்த வரி போய் விழ வேண்டும், ‘48தான்’ என்று அவர் பக்கத்திலிருந்து ஒரு வரி ஏற வேண்டும். தப்பை அழிக்காமல் ஒரு கோடு கிழித்துக் கீழே எழுதுகிற வசதி இருக்க வேண்டும். வாடிக்கையாளர் பேச்சு முழுவதையும் சங்கிலியில் ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் புத்தியை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள். தன் விவரத்தை அழிக்கச் சொல்லிக் கேட்கிற உரிமையை 2023-ஆம் வருஷத்துத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொடுத்திருக்கிறது. அழிக்கவே முடியாத இடத்தில் போட்டுவிட்டு அப்புறம் என்ன செய்வீர்கள்? பேச்சு வெளியே தனியாக இருக்கட்டும், அதன் கைரேகை மட்டும் சங்கிலியில் ஏறட்டும்.

ஏஜென்ட்டுகள் மனிதர்களைவிட நம்பத்தகுந்தவை ஆகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். மேலே எழுதியதில் பதில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல் கேட்டிருந்தீர்கள், அதை மறந்தே போய்விட்டேன். பேரேடு என்று தாராளமாக எழுதலாம், பள்ளிக்கூடக் கணக்குப்பதிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் தாத்தா இருந்தால் ஒத்துக்கொள்ளமாட்டார். நடந்தது நடந்த வரிசையில் விழுந்தால் அது நாள்வழி. அதிலிருந்து ஆளுக்கொரு பக்கமாகப் பெயர்த்து எழுதினால்தான் பேரேடு. உங்கள் சங்கிலியில் இருப்பது நாள்வழி.

பிசானம் அறுப்பு முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது அந்த நோட்டில் ஒன்றை எடுத்துவருகிறேன். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பார்க்கலாம். எட்டாம் பக்கத்திலிருந்து புரட்டுங்கள், அதற்கு முன்னால் கரையான் தின்றுவிட்டது.