காலாபகோஸ் பயணம்: எந்த மாதம், எந்தப் பாதை, எந்தக் கப்பல்?

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். எனக்கு 66, மனைவிக்கு 62 வயது. அடுத்த ஆண்டு நியூஜெர்சியில் மகள் வீட்டில் சில மாதங்கள் இருப்போம். அப்போது மகள், மருமகன், 9 வயதுப் பேரன் எல்லோருமாகச் சின்னக் கப்பலில் காலாபகோஸ் தீவுகளுக்குப் போக ஆசை. பேரனுக்கு ராட்சத ஆமையும் பெங்குவினும் வேண்டும். எனக்கு அல்பட்ராஸ் பறவையைப் பார்த்தால் போதும். மனைவிக்குப் படகில் ஏறினாலே குமட்டல். எனக்கு நீச்சல் தெரியாது. நாங்கள் சுத்த சைவம். ஜூலை விடுமுறையில் போகலாமா? எந்தக் கப்பல் நல்லது?

பதில்: ஜூலை வேண்டாம், முடிந்தால் ஏப்ரலில் போங்கள். தென்கிழக்குத் தீவுகளைச் சுற்றும் 8 நாள் பாதை உங்களுக்குப் பொருந்தும். கப்பல் 16 பேர் போகும் கேட்டமரானாக, அதாவது இரட்டை உடல் கொண்ட கப்பலாக, இருக்கட்டும். கப்பலின் பெயரைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். பலர் முதலில் கப்பலின் படத்தையும் அறையின் அழகையும் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டு, தேடிப் போன பறவை அந்தப் பாதையிலேயே இல்லை என்று பிறகு தெரிந்து வருந்துகிறார்கள்.

அங்கே கப்பல்கள் நினைத்த இடத்துக்குப் போக முடியாது. ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் இந்தத் தீவுகளின் நிலத்தில் 97 சதவீதம் தேசியப் பூங்கா. ஒவ்வொரு கப்பலும் எந்த நாள் எந்தக் கரையில் ஆட்களை இறக்கலாம் என்பதைப் பூங்கா நிர்வாகம்தான் வகுத்துக் கொடுக்கிறது. ஓரிரு இடங்கள் தவிர, ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் அதே கப்பல் திரும்பப் போகக் கூடாது என்ற விதி 2012ல் வந்தது. அதனால் கப்பல்கள் இரண்டு வாரச் சுற்று ஒன்றை வைத்துக்கொண்டு, அதை 4, 5, 8 நாள் துண்டுகளாக விற்கின்றன. அதே கப்பல், அதே அறை, அதே விலை; ஆனால் இந்த வாரம் போகிறவர் மேற்குத் தீவுகளைப் பார்ப்பார், அடுத்த வாரம் போகிறவர் தென்கிழக்கைப் பார்ப்பார். முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "நாங்கள் வரும் தேதியில் கப்பல் எந்தெந்தத் தீவில் இறக்கும்?" என்பதுதான். நாள்வாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

மேற்குக்கும் கிழக்குக்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன்? இந்தத் தீவுகள் எல்லாமே கடலடி எரிமலைகளில் பிறந்தவை. பூமிக்குள் கொதிக்கும் பாறைக்குழம்பின் ஊற்று ஓர் இடத்தில் இருக்க, அதன் மேலிருக்கும் கடல்தட்டு மெல்லக் கிழக்கு நோக்கி நகர்கிறது. ஆகவே மேற்கே இருக்கும் ஃபெர்னாண்டினாவும் இசபெலாவும் இளம் தீவுகள், இன்னும் சீறுகிறவை. ஃபெர்னாண்டினாவின் லா கும்ப்ரே எரிமலை 2024 மார்ச்சில் கூட வெடித்தது. கிழக்கே இருக்கும் எஸ்பன்யோலாவும் சான் கிறிஸ்டோபலும் வயதான தீவுகள், தேய்ந்து தாழ்ந்தவை. மேற்கிலிருந்து ஆழத்தில் ஓடி வரும் குளிர்ந்த நீரோட்டம் அந்த இளம் தீவுகளின் மேல் மோதி மேலே ஏறுகிறது, கூடவே மீன்களுக்கான சத்தையும் கொண்டுவருகிறது. பெங்குவின்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் இருப்பது அதனால்தான். பறக்க மறந்த நீர்க்காகம் ஃபெர்னாண்டினா, இசபெலா கரைகளில் மட்டுமே உண்டு. அல்பட்ராஸோ அநேகமாக முழுக்க முழுக்க எஸ்பன்யோலாவில்தான் முட்டையிடுகிறது. ஒன்று மேற்குக் கோடி, மற்றது தென்கிழக்குக் கோடி. 8 நாளில் இரண்டையும் தொடும் பாதை அரிது.

உங்கள் மூன்று ஆசைகளும் ஒரே பாதையில் ஓரளவு நிறைவேறும். ஆமை பிரச்சினையே இல்லை. சாந்தா குரூஸ் தீவின் மேட்டு நிலத்தில் பண்ணைகளுக்குள் அவை தாமாகவே உலவுகின்றன, பெரும்பாலான பாதைகள் அங்கே ஒரு நாள் நிற்கும். பெங்குவின்கள் மேற்கைத் தவிர பார்ட்டலோமே என்ற சின்னத் தீவிலும், ஃப்ளோரியானாவிலும் சிறு எண்ணிக்கையில் உண்டு. ஆகவே எஸ்பன்யோலா, ஃப்ளோரியானா, சாந்தா குரூஸ், பார்ட்டலோமே நான்கும் இருக்கும் பாதையாகப் பாருங்கள். நீர்க்காகத்தை இழப்பீர்கள். பெங்குவினையும் யாரும் உறுதி சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். பார்ட்டலோமே உச்சிக்கு முந்நூறு படிகளுக்கு மேல் மரப்படிக்கட்டு போட்டிருக்கிறார்கள். முழங்கால் ஒத்துழைத்தால் ஏறுங்கள். எரிமலை கக்கிய சாம்பல் கூம்புகளும், எதிரே சாந்தியாகோ தீவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓடி உறைந்த கருங்குழம்பும் மேலிருந்து ஒன்றாகத் தெரியும்.

அல்பட்ராஸ் பற்றி இரண்டு வரி அதிகம் எழுதுகிறேன், நீங்கள் அதற்காகவே போகிறீர்கள் என்பதால். எஸ்பன்யோலாவின் மேற்கு முனையான பூன்டா சுவாரஸில் பாதை முழுக்கக் கருங்கற்கள். அதன் கடைசியில் செங்குத்துப் பாறை விளிம்பு. அங்கே இரண்டு பறவைகள் எதிரெதிரே நின்று, கோலாட்டக் கழி மோதுவது போல அலகால் அலகைத் தட்டும். திடீரென்று நிறுத்தி, அலகை வானத்துக்கு நீட்டி ஒரு கூவல். அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டு ஒன்றையொன்று சுற்றும், மறுபடி தட்டல். நீங்கள் இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அவை உங்களைக் கண்டுகொள்ளவே செய்யாது. சிறகு விரித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும் இந்தக் கனத்த பறவைக்கு நின்ற இடத்திலிருந்து எழும்ப வராது. விளிம்பு வரை தத்தித் தத்தி நடந்து போய்க் காற்றில் விழுந்துதான் பறக்கும். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை இவை அங்கே இருக்கும், மற்ற மாதங்களில் கடலில். மார்ச்சில் போனால் வெறும் பாறையைத்தான் பார்ப்பீர்கள்.

இதனால்தான் ஏப்ரல், அதுவும் நடு ஏப்ரலுக்குப் பின். ஜனவரி முதல் மே வரை அங்கே வெப்ப காலம். அவ்வப்போது மழை பெய்யும், ஆனால் கடல் அமைதி, தண்ணீரும் வெதுவெதுப்பு. ஜூன் முதல் தெற்கிலிருந்து வரும் காற்றும் குளிர் நீரோட்டமும் வலுக்கும், வானம் மூடிக்கொண்டு சாரல் தூறும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அலை மிக மோசம், ஜூலையிலேயே அதன் தொடக்கம் தெரியும். தென்கிழக்குத் தீவுகளுக்குப் போகும் இரவுகளில் அந்த அலை நேராகக் கப்பலில் மோதும். ஜூலை கெட்ட மாதம் என்று சொல்லமாட்டேன், குளிர்ந்த நீரில் மீனும் கடற்பறவையும் செழிக்கும் காலம் அது. ஆனால் உங்கள் மனைவிக்கு அது ஏற்றதல்ல. பேரனின் பள்ளியில் வசந்த விடுமுறை எப்போது என்று மகளிடம் கேளுங்கள். மார்ச்சில் வந்தால், பள்ளியில் ஒரு வாரம் அனுமதி கேட்டாவது ஏப்ரல் கடைசியில் வைத்துக்கொள்வதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

நாள் கணக்கில் ஒரு விஷயம். 8 நாள் என்றால் உண்மையில் 6 முழு நாள்தான். முதல் நாள் விமானம் இறங்கிக் கப்பலேறவே மதியம் ஆகிவிடும், கடைசி நாள் காலையிலேயே இறக்கிவிடுவார்கள். 4 நாள் பயணம் என்பது வெறும் 2 முழு நாள். அவ்வளவு தூரம் போய் அதை வாங்குவது வீண். 8 நாள் கடலில் மனைவியால் தாங்க முடியாது என்று தோன்றினால், எஸ்பன்யோலாவைத் தொடும் 5 நாள் பாதையை எடுத்துக்கொண்டு, மிச்ச நாளைச் சாந்தா குரூஸின் புவேர்ட்டோ அயோரா ஊரில் ஓட்டலில் கழியுங்கள். ஆமைகளும் டார்வின் ஆய்வு நிலையமும் அங்கிருந்தே போய் வரும் தூரம்.

சட்டப்படி அங்கே ஒரு கப்பலில் 100 பயணிகள் வரை போகலாம். அலைக்கு அந்தப் பெரிய கப்பல்தான் நல்லது, மருத்துவரும் இருப்பார். இருந்தும் சின்னதைச் சொல்வதற்குக் காரணம், 16 பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது பூங்காவின் விதி. 16 பேர் கப்பலில் எல்லோரும் ஒரே குழுவாக இறங்குவீர்கள், முறை வரும் வரை காத்திருக்க வேண்டாம். பேரன் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அந்த வழிகாட்டி நின்று பதில் சொல்வார். இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் பக்கவாட்டில் குறைவாக ஆடும். அதில் நடுப்பகுதியில், கூடிய வரை கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கேட்கும், ஆனால் ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல்தளத்துப் பால்கனி அறை விலையும் கூட, ஆட்டமும் கூட. குமட்டல் மாத்திரையைக் கப்பல் நகரத் தொடங்கும் முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பின் பயனில்லை. அவோமின் போன்றவை வயதானவர்களுக்கு மயக்கமும் தள்ளாட்டமும் தரலாம், கண் அழுத்தம் இருந்தால் கூடாது. மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

கப்பல் இரவில்தான் பெரும்பாலும் ஓடும். பகலில் ரப்பர் படகில் கரைக்குப் போவீர்கள், அதைப் பங்கா என்பார்கள். இறங்குவதில் இரண்டு வகை. ஈர இறக்கம் என்றால் மணல் ஓரம் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடப்பது. உலர் இறக்கம் என்றால் பாறையில் நேரே கால் வைப்பது. பெயரைக் கேட்டு இரண்டாவது சுலபம் என்று நினைக்காதீர்கள். படகு அலையில் ஏறி இறங்கும், பாறையில் பாசி இருக்கும், சில நேரம் படியிலேயே கடல் சிங்கம் படுத்திருக்கும். படகோட்டி கை நீட்டும்போது விரலைப் பிடிக்காமல் முழங்கைக்குக் கீழே பிடியுங்கள், அவரும் உங்களை அப்படியே பிடிப்பார். படகு மேலே ஏறும் கணத்தில் அவர் சொல்வார், அப்போது காலை எடுத்து வையுங்கள். கைத்தடி, நல்ல பிடிமானமுள்ள செருப்பு இரண்டும் அவசியம்.

நீச்சல் தெரியாதது தடையல்ல. மற்றவர்கள் மூச்சுக்குழாய் வைத்து நீந்தும்போது (ஸ்நார்கெல்) நீங்கள் பங்காவில் கரையோரம் சுற்றலாம். சில கப்பல்களில் அடியில் கண்ணாடி வைத்த படகும் உண்டு, முன்கூட்டியே கேளுங்கள். பேரன் அளவுக்கு உயிர்காப்பு உடையும் நீச்சல் உடையும் இருக்கிறதா, எத்தனை வயது முதல் குழந்தைகளைச் சேர்ப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு, "சைவம்" என்பதோடு நிறுத்தாமல் மீன், கோழி, இறைச்சி வேகவைத்த நீர் எதுவும் கூடாது என்று விரித்து எழுதுங்கள். சோறு, பயறு, வாழைக்காய் வறுவல், உருளைக்கிழங்கு சூப் எல்லாம் அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு, பட்டினி கிடக்க மாட்டீர்கள். வீட்டிலிருந்து கொண்டுபோவதில்தான் கவனம். விமானம் ஏறும் முன்பே பையைச் சோதிப்பார்கள். பழம், விதை, இலை எதுவும் தீவுக்குள் போகக் கூடாது. கறிவேப்பிலைக் கொத்தும் கடுகுப் பொட்டலமும் அதில் அடக்கம். இதில் அவர்கள் கண்டிப்பாக இருப்பது முழுக்க நியாயம். ஆசிய மலைகளைச் சேர்ந்த ஒரு முள்பழச் செடி சாந்தா குரூஸின் மேட்டுக் காட்டையே மூடிக்கொண்டிருக்கிறது. மனிதர் விட்ட ஆடுகள் வடக்கு இசபெலாவில் ஆமைகளின் தீவனத்தைத் தின்று தீர்த்தன. அவற்றை ஒழிக்கப் பல ஆண்டுகள் ஆகி, 2006ல்தான் வேலை முடிந்தது.

இனி ஆவணங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஈக்வடார் விசா கேட்கும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. விதி மாறக்கூடியது, பணம் கட்டும் முன் தூதரகத்தில் உறுதி செய்யுங்கள். உங்கள் அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகையா என்பதையும் பாருங்கள், திரும்ப நியூஜெர்சி போக வேண்டுமே. மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இந்தியா ஈக்வடாரையும் வைத்திருக்கிறது. அந்த நாட்டிலிருந்து கிளம்பி 6 நாளுக்குள் இந்தியா வந்தால் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும், இல்லையென்றால் தனிமைப்படுத்துவார்கள். 60 வயதுக்கு மேல் முதன்முறையாக அந்த ஊசி போடுவதில் பக்கவிளைவு அபாயம் கூடுதல். ஆகவே காலாபகோஸைப் பயணத்தின் கடைசியில் வைக்காதீர்கள். முடித்துவிட்டு மகள் வீட்டில் இரண்டு வாரமாவது இருந்து, பிறகு மதுரை திரும்புங்கள். ஊசி வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

தீவுகளுக்கு விமானம் கீட்டோ, குவாயாகில் நகரங்களிலிருந்து போகிறது. கீட்டோ 2,850 மீட்டர் உயரம், இறங்கியதும் மூச்சு வாங்கும். உங்கள் வயதுக்குக் கடல்மட்டத்தில் இருக்கும் குவாயாகிலே சரி. அந்த ஊரில் அண்மை ஆண்டுகளாகக் குற்றங்கள் கூடியிருப்பதால் விமான நிலையத்தை ஒட்டித் தங்கி, ஊர் சுற்றாமல் கிளம்புங்கள். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது, ஒரு நாளாவது முன்னதாகப் போய்ச் சேருங்கள். கப்பலேறுவது விமான நிலையம் உள்ள பால்ட்ரா தீவிலா, சான் கிறிஸ்டோபலிலா, இறங்குவது எங்கே என்பது தெரியாமல் உள்நாட்டு விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

கடைசியாகப் பணம். கப்பல் கட்டணம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சில நூறு டாலர் ஆகும், ஏப்ரல் விடுமுறைக்கு ஓராண்டு முன்பே பதிவு செய்வது நல்லது. பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டில் இரட்டிப்பானது: பெரியவருக்கு 200 டாலர், 12 வயதுக்குக் கீழ் 100. கூடவே தலைக்கு 20 டாலர் பயண அட்டை. உங்கள் ஐவருக்கும் சேர்த்து 1,000 டாலர், இதைத் தாள் பணமாக வைத்திருங்கள். இது பெரும்பாலும் கப்பல் கட்டணத்தில் சேராது, உள்நாட்டு விமானமும் ஊழியர்களுக்கான அன்பளிப்பும் அப்படியே. காப்பீடு எடுக்கும்போது, அவசரத்தில் நோயாளியை விமானத்தில் கொண்டுபோகும் செலவும் அடங்கியதாக எடுங்கள். தீவு மருத்துவமனைகளில் வசதி குறைவு, பெரிய சிக்கல் என்றால் குவாயாகிலுக்குத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள்.