துருக்கிய மொழிகளின் உறவுப் பெயர்கள் எங்கிருந்து வந்தவை?

அவற்றில் பல அரபியிலிருந்து வந்தவைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். சில அப்படி வந்தவைதான். ஆனால் அடித்தளம் துருக்கியருடையதே.

மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கிலுள்ள 8ஆம் நூற்றாண்டுப் பழந்துருக்கியக் கல்வெட்டுகளில் தாய்க்கு 'ஒக்', தந்தைக்கு 'கங்', தம்பிக்கு 'இனி' என்ற சொற்கள் காணப்படுகின்றன. இவற்றுள் 'ஒக்' இன்றைய துருக்கியில் தனியே வழங்குவதில்லை என்றாலும், தாயை இழந்த பிள்ளையைக் குறிக்கும் 'ஒக்ஸூஸ்' என்ற சொல்லுக்குள், 'இல்லாத' என்று பொருள்படும் விகுதியோடு ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது. தாய் என்ற சொல் தாயற்ற பிள்ளையின் பெயரில் தங்கிவிட்டது என்னை மிகவும் நெகிழ வைக்கிறது. தந்தையை இழந்த பிள்ளைக்கோ அரபியிலிருந்து வந்த 'யெதீம்' வழங்குகிறது. தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் 'எத்தீம்' இதுவே.

உடன்பிறப்பைக் குறிக்கும் 'கார்தெஷ்', 'கரின்தாஷ்' என்பதன் சுருக்கம். 'கரின்' வயிறு, 'தாஷ்' பகிர்ந்துகொள்பவரைக் குறிக்கும் விகுதி. 'சகோதரன்' என்ற வடசொல்லின் அமைப்பும் ஒரே வயிறு என்பதுதான். ஆயினும் அதே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த கசாக்கு மொழியில் 'கரின்தாஸ்' ஓர் ஆணின் தங்கையை மட்டுமே குறிக்கும். இன்னொரு துருக்கிய மொழியான அசர்பைஜானியில் 'கர்தாஷ்' என்றால் சகோதரன்.

கடன்சொற்களும் பொருள் மாறின. அரபியில் தாயின் சகோதரியான 'காலா', துருக்கியில் 'ஹாலா' என்று ஒலித்து, அத்தையைக் குறிக்கிறது. தாயின் சகோதரிக்கு அங்கே 'தெய்ஸெ' என்று பெயர். தாய்மாமனுக்கு 'தாயி' என்னும் பழைய துருக்கியச் சொல்லே இன்றும் நிலைத்திருக்கிறது.