பையன் தாத்தா வேஷம் கட்டுகிறான் என்றால் அதையே படிக்கட்டும்

போன வாரம் நியூஜெர்சி எடிசனிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். கணவன் மனைவி இருவருக்கும் ஐடி வேலை, பையனுக்கு 17 வயது, அடுத்த வருடம் ஹைஸ்கூல் கடைசி வருடம். பிஎஸ்ஸும் எம்டியும் சேர்ந்து ஏழே வருடத்தில் முடிகிற மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பக் கட்டுரை எழுத உட்கார வைத்தால், லேப்டாப்பை மூடிவிட்டு "நான் நடிக்கப் போகிறேன்" என்கிறானாம். கோயம்புத்தூரில் பெரியப்பா டாக்டர், டல்லாஸில் அத்தை மகள் ரெசிடென்சி செய்கிறாள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் யாராவது ஒருவர் குரல் செய்தி போடுகிறார்கள். "சார், நீங்கள் சொன்னால் கேட்பான், கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்" என்றார்.

முதலில் நானும் ஆறுதலாகத்தான் பேசினேன். அப்புறம் பையனைப் போனில் வாங்கி முக்கால் மணி நேரம் பேசினேன். அதற்குப் பிறகு அந்த அம்மாவிடம் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் சொன்னதை அவருடைய சம்மதத்தோடு, பெயர் இல்லாமல் இங்கே எழுதுகிறேன். இதே சண்டை நடக்கிற வீடு இன்னும் பல இருக்கும்.

அம்மா, உங்கள் பையன் பள்ளி நாடகங்களில் என்ன வேஷம் போட்டான் தெரியுமா? ஒன்பதாவதில் தாத்தா, பத்தாவதில் ஒரு நீதிபதி, இந்த வருடம் வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரர். ஹீரோ வேஷம் கேட்கவில்லையா என்றேன், "அதில் செய்ய ஒன்றுமில்லை அங்கிள்" என்றான். அவனுடைய தாத்தா ஈஸி சேரிலிருந்து எழுவதற்கு முன்னால் ஒரு நொடி தன் முழங்காலைப் பார்ப்பாராம், எழுந்துவிடும் என்ற நம்பிக்கை வந்தபிறகுதான் கையை ஊன்றுவாராம். கோடை விடுமுறையில் பார்த்ததை மேடையில் செய்திருக்கிறான். சினிமா ஆசையோடு என்னிடம் வரும் பிள்ளைகள் நிறைய, அவர்கள் கதாநாயகனைப் பற்றியே பேசுவார்கள். இவன் ஒரு கிழவரின் முழங்காலைப் பற்றிப் பேசுகிறான். இது குணச்சித்திர நடிகனின் மூளை. டெல்லி கணேஷ் விமானப்படையில் இருந்துவிட்டு நாடகத்துக்கு வந்து அப்புறம் சினிமாவுக்குப் போனவர் என்று சொன்னதும் உங்களுக்குப் புரிந்தது. அமெரிக்காவிலும் அப்படி ஒரு தொழில் இருக்கிறது, அதற்கென்று வழி இருக்கிறது, சங்கம் இருக்கிறது, ஓய்வூதியம்கூட இருக்கிறது. அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

ஸ்பைடர்மேன் படத்தில் கத்திக்கொண்டே இருக்கும் பத்திரிகை ஆசிரியர் நினைவிருக்கிறதா? ஜே.கே. சிம்மன்ஸ். மொன்டானா பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர், அந்த மாநிலத்திலேயே பிக்ஃபோர்க் என்ற சிற்றூரின் கோடைக்கால நாடக அரங்கில் பாடி நடித்தார், அப்புறம் சியாட்டில், அப்புறம் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வே. தொலைக்காட்சியில் 'ஓஸ்' தொடர் அவருக்கு அமைந்தபோது 40 வயது தாண்டிவிட்டது. ஆஸ்கர் வாங்கியது 2015இல், 60 வயதில். அந்தப் பரிசை விடுங்கள், அது எல்லோருக்கும் வராது. 25 வயதுக்கும் 60 வயதுக்கும் நடுவில் அவர் வேலை செய்துகொண்டே இருந்தார் என்பதைப் பாருங்கள்.

ஜான் மஹோனி என்று ஒருவர் இருந்தார், 'ஃப்ரேசியர்' தொடரில் 1993 முதல் 2004 வரை அப்பாவாக வந்தவர். மருத்துவ இதழ் ஒன்றுக்கு ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 37 வயதில்தான் சிகாகோவில் நடிப்பு வகுப்பில் சேர்ந்தார். ஸ்டெப்பன்வுல்ஃப் நாடகக் குழுவில் இடம் கிடைத்தது, 1986இல் மேடை நாடகத்துக்கான டோனி விருதும் வந்தது. கதாநாயகனுக்கு வயது எதிரி, இவர்களுக்கு வயது ஏற ஏறத்தான் வேஷம் கூடுகிறது.

ஆனால் நான் உங்களுக்கு முக்கியமாகக் காட்ட விரும்புவது ரிச்சர்ட் ஜென்கின்ஸை. இலினாய் மாநிலத்தில் பிறந்தவர், அங்கேயே ஒரு சின்னக் கல்லூரியில் நாடகம் படித்தார், நடுவில் சலவைக் கம்பெனிக்கு லாரி ஓட்டினார். அப்புறம் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரத்தில் இருக்கும் டிரினிட்டி ரெப்பர்ட்டரி கம்பெனிக்குப் போனார். 14 வருடம் அந்தக் குழுவில் நடிகர். 1990 முதல் நான்கு வருடம் அதற்குக் கலை இயக்குநரும் அவரே. இடையிடையே சினிமாவில் அப்பா, போலீஸ், வக்கீல், டாக்டர் என்று நூறு சின்ன வேஷம். ஒரு படத்தின் மையப் பாத்திரம் கிடைத்து ஆஸ்கர் பரிந்துரை வந்தது 2009இல், 61 வயதில். ஹாலிவுட்டில் காத்துக் கிடக்காமல், ஓர் ஊரில் குடும்பத்தோடு குடியிருந்து நடித்தே வாழ முடியும் என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எல்லோரும் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் என்று இரண்டு ஊர்ப் பெயரையே சொல்கிறார்கள். அந்த நாட்டில் பிராவிடன்ஸ் போலவே மினியாபொலிஸில் கத்ரி, வாஷிங்டனில் அரீனா ஸ்டேஜ், லூயிவில்லில் ஆக்டர்ஸ் தியேட்டர், ஓரிகனில் ஆஷ்லண்ட் என்ற சின்ன ஊரில் 1935இல் தொடங்கிய ஷேக்ஸ்பியர் விழா என்று ஊர் ஊராகத் தொழில்முறை அரங்குகள் இருக்கின்றன. லாபநோக்கற்ற இந்த அரங்குகளின் கூட்டமைப்பு லார்ட், அதில் 70க்கும் மேற்பட்ட அரங்குகள் உறுப்பினர்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பிரின்ஸ்டனில் மெக்கார்ட்டர் இருக்கிறது, நியூ பிரன்ஸ்விக்கில் ஜார்ஜ் ஸ்ட்ரீட் பிளேஹவுஸ் இருக்கிறது. ஒரு நாடகம் என்றால் மூன்று நான்கு வாரம் ஒத்திகை, அப்புறம் சில வாரம் வாரத்துக்கு எட்டுக் காட்சி, பெரும்பாலும் திங்கட்கிழமை விடுமுறை. வெளியூர் நடிகருக்குத் தங்க இடம் அரங்கே தரும். சம்பளம் வாராவாரம் வரும், 1913இல் தொடங்கிய மேடை நடிகர்களின் ஆக்டர்ஸ் ஈக்விட்டி சங்கத்தின் ஒப்பந்தப்படி. போதுமான வாரங்கள் வேலை செய்தால் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு உண்டு. இந்த ஊரில் தாத்தா வேஷம் முடிந்தால் அடுத்த ஊரில் வழக்கறிஞர் வேஷம். அதற்கு நடுவில் நியூயார்க்கில் எடுக்கும் போலீஸ் தொடரில் ஒரு நாள் வேலை, அதற்குத் திரை நடிகர் சங்கத்தின் குறைந்தபட்சக் கூலியே 1,200 டாலருக்கு மேல், மறுஒளிபரப்பானால் தனியாகப் பங்கும் வரும். குணச்சித்திர நடிகரின் வருமானம் இப்படித் துண்டு துண்டாகத்தான் சேரும்.

கஷ்டத்தையும் மறைக்கப் போவதில்லை. திரை நடிகர் சங்கத்தில் சுமார் 1,60,000 பேர் இருக்கிறார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலானோரால் சங்கத்தின் மருத்துவக் காப்பீட்டுக்குத் தேவையான சம்பாத்தியத்தை, அதாவது வருடத்துக்கு ஏறத்தாழ 28,000 டாலரை, எட்ட முடிவதில்லை. 2023இல் 118 நாள் வேலைநிறுத்தம் நடந்தது, அத்தனை நாளும் திரை வேலை பெரும்பாலும் நின்றுபோனது. ஆகவே பக்கத்தில் இன்னொரு வருமானம் கட்டாயம் வேண்டும், அதையும் முதல் நாளிலிருந்தே திட்டத்தில் எழுத வேண்டும். ஆடியோ புத்தகம் வாசிப்பது, பள்ளிகளில் நாடகம் சொல்லித்தருவது என்று பல உண்டு. இன்னொன்று உங்கள் வீட்டுக்கென்றே சொல்கிறேன்: அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் நோயாளியாக நடிக்க ஆட்களைச் சம்பளத்துக்கு எடுக்கிறார்கள். ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1963இல் தொடங்கிவைத்த முறை அது. நெஞ்சுவலி என்று வந்து படுத்திருப்பவர் நடிகர், அவரிடம் விசாரித்துத்தான் மாணவர்கள் நோயாளியோடு பேசப் பழகுகிறார்கள். உங்கள் பையன் மருத்துவக் கல்லூரிக்குள் அந்த வேலைக்குப் போனால் அங்கே அவனால் உண்மையான பயன் இருக்கும்.

இப்போது பணம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்த ஏழு வருட மருத்துவப் படிப்பு வேண்டாம் என்று சொல்கிறேன். நல்ல படிப்புதான், ஆனால் உயிரியல் வகுப்பை எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டு உட்காரும் பிள்ளைக்கு அது இல்லை. அமெரிக்காவில் கடன் வாங்கி மருத்துவம் முடிப்பவர்களின் கடன் சராசரியாக 2 லட்சம் டாலர் அளவில் நிற்கிறது. மனமில்லாமல் சேர்ந்து நான்காவது வருடம் வெளியே வந்தால் பட்டமும் இருக்காது, கடன் மட்டும் இருக்கும். அந்தக் கடனை பெரியப்பா கட்டுவாரா என்று கேட்டேன், அந்த அம்மா பதில் சொல்லவில்லை.

அதே கண்டிப்பு பையனுக்கும். நியூயார்க்கில் பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தில் நடிப்புப் பட்டம், தங்கும் செலவோடு வருடத்துக்கு 90,000 டாலர், அங்கேதான் போவேன் என்றான். கூடாது தம்பி. நடிகனுக்குக் கடன் என்பது காலில் கட்டிய கல். மாதாமாதம் ஆயிரம் டாலர் தவணை கட்டுகிறவன் எட்டு வாரம் பிராவிடன்ஸில் போய் நாடகம் போட முடியாது. உங்கள் ஊரிலிருந்து கால் மணி நேரத்தில் ரட்கர்ஸ் இருக்கிறது, அதன் மேசன் கிராஸ் கலைப் பள்ளியில் நடிப்புப் பட்டம் இருக்கிறது, நியூஜெர்சி மாணவருக்குக் கல்விக் கட்டணம் வருடத்துக்கு 20,000 டாலருக்குள். வீட்டிலிருந்தே போய் வரலாம். அங்கே தேர்வு கடுமை, இடம் கிடைக்காவிட்டால் வேறு அரசுப் பல்கலைக்கழகத்தில் சாதாரண நாடகப் பட்டம் போதும், சிம்மன்ஸ் நடிப்புப் பட்டமே வாங்கியதில்லை.

பெரிய பெயர் வேண்டும் என்றால் அதை முதுகலையில் வாங்கட்டும், இலவசமாக. ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் கெஃபன் 15 கோடி டாலர் கொடுத்ததால் 2021 முதல் யேல் நாடகப் பள்ளியில் கல்விக் கட்டணமே கிடையாது. ஜூலியர்ட் பள்ளியும் தன் நடிப்பு முதுகலையை 2024 முதல் கட்டணமில்லாமல் ஆக்கிவிட்டது. இடங்கள் மிகக் குறைவு, பல வருடம் மேடையில் நின்றவர்களோடு போட்டி போட வேண்டும். அதனால்தான் முதலில் வேலை என்கிறேன். 22 வயதில் கடனில்லாமல் பட்டம் வாங்குகிறான். 26 வயதுவரை உங்கள் காப்பீட்டிலேயே அவன் இருக்கலாம், சட்டம் அப்படி. அந்த நான்கு வருடம் அரங்கு அரங்காகப் போய் வரட்டும், அப்புறம் முதுகலைக்கு முயற்சி செய்யட்டும். வீட்டின் மேல் கடன் வாங்காதீர்கள், உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொடாதீர்கள். உங்கள் பையனைப் பெரிய ஆளாக்குகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்று எந்த ஏஜென்ட் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். ஒழுங்கான ஏஜென்ட் வேலை வாங்கிக் கொடுத்த பிறகு அதில் 10 சதவீதம் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

"நம் ஆட்களுக்கு அங்கே யார் வேஷம் கொடுப்பார்கள்" என்று பெரியப்பா கேட்டாராம். பூர்ணா ஜெகந்நாதனைப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்க் குடும்பத்துப் பெண், மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவர், 2013இல் எடின்பரோவில் 'நிர்பயா' நாடகத்தைக் கொண்டுபோய் நிறுத்தியவர்களில் ஒருவர், 2016இல் 'தி நைட் ஆஃப்' தொடரில் அம்மா, 2020இல் 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரில் நம் வீட்டு அம்மாவாகவே வந்தார். அதே தொடரில் மகளாக நடித்த கனடாத் தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணனை 15,000 பேரிலிருந்து எடுத்தார்கள், அது மகிழ்ச்சிதான், ஆனால் அதை வைத்து ஒரு பிள்ளையின் படிப்பைத் திட்டமிட முடியாது. பூர்ணா வந்த வழியை வைத்துத் திட்டமிடலாம். நடிகனுக்குப் பெண் யார் கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, 17 வயதுப் பையனைப் பற்றி அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி, உனக்கு ஒன்று. கல்லூரியின் நடிப்புத் தேர்வுக்குப் போகும்போது தாத்தா வேஷத்தைக் கொண்டு போகாதே. இரண்டு தனிவசனம் கேட்பார்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள், உன் வயதுக்குப் பக்கத்துப் பாத்திரமாக இருக்க வேண்டும். ஒட்டு மீசைக்குப் பின்னால் நீ யார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். உனக்கு அது கஷ்டம் என்று பேச்சிலேயே தெரிந்தது, அதனால் இப்போதே தொடங்கு.

அம்மா, நீங்களும் சாரும் பையனைக் கூட்டிக்கொண்டு இந்த சீசனில் ஜார்ஜ் ஸ்ட்ரீட்டிலோ மெக்கார்ட்டரிலோ ஒரு நாடகம் பாருங்கள். கையில் தரும் புத்தகத்தில் முதல் பெயரை விட்டுவிட்டு நான்காவது, ஐந்தாவது பெயருக்குக் கீழே இருக்கும் குறிப்பைப் படியுங்கள், எத்தனை ஊர், எத்தனை அரங்கு, எத்தனை தொடரில் ஒரு நாள் வேஷம் என்று வரிசையாக இருக்கும். காட்சி முடிந்ததும் நடிகர்கள் வெளியே வரும் வாசலில் நின்றால் அவரையே பார்க்கலாம். போன வருடம் எத்தனை வாரம் வேலை இருந்தது, காப்பீடு எங்கிருந்து வருகிறது, மீதி நாளில் என்ன செய்கிறீர்கள் என்று பையன் கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு எனக்குக் கூப்பிடுங்கள், அதற்கப்புறம் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம்.