மகள் பேசுவதெல்லாம் கடைக் கதைதான்!

அன்புள்ள டாக்டர் மேடம்,

கல்யாணமாகி வந்ததிலிருந்து மும்பை மாட்டுங்காவில்தான் இருக்கிறேன். என் ஒரே மகள் போன வருஷம் கல்யாணமாகி ஜெர்மனி போனாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஐடி வேலை. இவளும் இங்கே பி.கே.சி.யில் (பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ், பெரிய ஆபீஸ்கள் இருக்கும் இடம்) கை நிறையச் சம்பளம் வாங்கியவள்தான், விட்டுவிட்டுப் போனாள். என் வருத்தம் அது இல்லை.

சனிக்கிழமைதான் போன் பண்ணுவாள், அதுவும் சூப்பர் மார்க்கெட்டில் நின்றுகொண்டு. அங்கே ஞாயிற்றுக்கிழமை கடையே கிடையாதாம், அதனால் சனிக்கிழமை ஒரே கூட்டம், அந்த இரைச்சலில் எனக்குக் கடைக் கதை. ஆல்டியில் பால் என்ன விலை, லிடிலில் என்ன விலை, ரேவேயில் காய் நன்றாக இருக்கும் ஆனால் கட்டுப்படியாகாது, எடெகா பக்கமே போகக் கூடாது. விலைச்சீட்டில் பெரிய எழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டிருக்குமாம், அதைப் பார்த்துத்தான் எடுக்கணுமாம். போனைச் சீட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டுகிறாள். எனக்கு எதற்கு? அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது.

இங்கே பாஜிவாலா கேட்காமலே கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் பையில் போடுவான். அங்கே கறிவேப்பிலையை ஏசியன் கடையில் காசு கொடுத்து வாங்கிவிட்டு, கிடைத்துவிட்டதென்று குதிக்கிறாள். தெரிந்த பையன் ஒருவன் போகிறான், நெய் காய்ச்சிக் கொடுத்தனுப்புகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம், ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்கிறாள். கால் கிலோ வெண்ணெய் வாங்கி அவளே உருக்குகிறாளாம், நம் நெய்யை விட வாசனையாம். பெற்றவள் காய்ச்சிய நெய் கசந்துவிட்டதா?

கடைசியில் காலி பாட்டில் கதை வேறு. பிளாஸ்டிக் பாட்டிலை மெஷினில் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட், ஒரு சீட்டு வரும், பில்லில் கழித்துக்கொள்ளலாம். இவள் கழிக்காமல் சில்லறையாக வாங்கிப் பர்ஸில் தனியாக வைக்கிறாள், கேட்டால் "இது மட்டும்தாம்மா என் காசு" என்று சிரிக்கிறாள். அப்புறம் பில்லை போட்டோ எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பிவிட்டு வைத்துவிடுவாள். வீட்டிலிருந்து பேசுவதே இல்லை. மாப்பிள்ளை கணக்காக இருப்பவர், நல்லதுதான், அதை அவளிடமும் சொல்லியிருக்கிறேன். நெய் விஷயம்தான் எனக்கு ஆறவே இல்லை. இப்போதெல்லாம் சனிக்கிழமை போன் வந்தால் நான் எடுப்பதில்லை. அவளுக்குப் புரியட்டும். நான் செய்வது சரிதானே?

- ஒரு தாய், மாட்டுங்கா


அன்புள்ள அம்மா,

சரியில்லை. வருகிற சனிக்கிழமை போனை எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

நெய்யை முதலில் முடித்துவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்கள் பால் பொருள், இறைச்சி எதையும் சொந்த உபயோகத்துக்குக்கூடக் கொண்டுபோகக் கூடாது, நெய்யும் அதில் சேர்த்திதான். மகள் உங்களுக்குச் சட்டத்தைச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்தச் சில்லறை. பி.கே.சி.யில் கை நிறையச் சம்பளம் வாங்கிய பெண், காலி பாட்டிலுக்கு வரும் 25 சென்ட்டைத் தனியாக எடுத்துவைத்து, இது மட்டும்தான் என் காசு என்கிறாள். நீங்கள் அதைக் கதை என்று எழுதி நெய்க்குப் போய்விட்டீர்கள். ஆனால் நெய்யைப் பற்றிய கடிதத்தில் அந்தச் சில்லறை எதற்கு வந்தது? உங்களுக்கும் எங்கோ நெருடியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பொடி எழுத்தைப் பார்த்து வாங்குவது உங்களுக்குப் பீற்றலாகத் தெரிகிறது. எனக்கோ, பில்லில் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல வேண்டிய ஒருத்தி பேசுவதுபோல் கேட்கிறது.

நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். ஒரு சம்பளத்தில், புது நாட்டில், வாடகை கொடுத்துக் குடித்தனம் நடத்துகிறவர்கள் பில்லைச் சேர்த்துவைத்துக் கணக்குப் பார்ப்பது சகஜம். அதற்காக மாப்பிள்ளையைக் குற்றவாளி ஆக்க முடியாது. அவர் வாங்கும் பொருளின் பில் அவளுக்கு வருகிறதா? ஒரு யூரோ கூடப் போனால் வீட்டில் என்ன நடக்கும்? அவள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா? வீட்டிலிருந்து ஏன் பேசுவதில்லை? பதில் அவளிடம்தான் இருக்கிறது, அவள் வாய் திறக்கிற ஒரே இடம் அந்தக் கடை, அந்த நேரத்தில்தான் நீங்கள் போனை எடுக்காமல் இருக்கிறீர்கள். அவளுக்குப் புரியட்டும் என்கிறீர்களே, அம்மாவும் கைவிட்டுவிட்டாள் என்றுதானே புரியும்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாப்பிள்ளை கணக்காக இருப்பது நல்லது என்று அவளிடமே சொல்லிவிட்டீர்கள். அதற்கு மேல் அந்தப் பெண் எப்படிக் குறை சொல்வாள்? பால் விலையையும் தக்காளி விலையையும்தான் சொல்ல முடியும்.

எடுத்த எடுப்பில் "அவர் உன்னைக் கஷ்டப்படுத்துகிறாரா" என்று கேட்காதீர்கள், இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அவள் சொல்கிற விலையை முழுசாகக் கேளுங்கள். பாட்டில் மெஷின் பக்கம் வந்ததும் "அந்தச் சில்லறையைச் சேர்த்து என்னடி வாங்கப் போறே?" என்று கேட்டுவிட்டு, அவள் பேசும்வரை நீங்கள் பேசாதீர்கள். முட்டி வலியை அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம். சம்பந்தி வீட்டுக்கு இப்போது போன் வேண்டாம், பில்டிங்கில் யாரிடமும் மூச்சு விட வேண்டாம்.

இரண்டு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அங்கே வேலை பார்ப்பவரின் மனைவியாகக் குடும்ப விசாவில் போனவர்கள் வேலைக்குப் போகச் சட்டத்தில் தடையில்லை. தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் தொடங்கலாம், 2016-லிருந்து அது அங்கே சட்டப்படியான உரிமை. அவள் பேச்சில் பணத்தைத் தாண்டிப் பயம் தெரிந்தால், ஜெர்மனிக்குள்ளிருந்து 116 016 என்ற எண்ணைக் கூப்பிடலாம். பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், ஆங்கிலத்திலும் பேசுவார்கள். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள், அவள் போனை வேறு யார் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அவள் கடையில் இருக்கும்போது வாயால் சொல்லுங்கள்.